நீந்தலாம், மிதிக்கலாம், ஓடலாம்!

காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். சைக்கிளில் போய், மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே திரும்பினால் 20 கிலோமீட்டர். "இது என்ன பெரிய காரியம்? எங்கள் வீட்டுப் பையன் தினமும் இதைவிட அதிகமாகச் சுற்றுகிறானே!" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் முக்கால் கிலோமீட்டர் நீந்தி முடித்திருக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவே ஈரத் தலையை ஆற அமரத் துவட்டிக் கொள்ளவோ, ஒரு வாய் காபி சாப்பிடவோ அவகாசம் கிடையாது. காலணி மாட்டுகிற நேரத்தையும் சேர்த்துக் கடிகாரம் ஓடிக் கொண்டே இருக்கும்!

இந்த விசித்திரமான பந்தயத்துக்கு 'டிரையத்லான்' என்று பெயர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இதே வரிசையில், இடைவெளி இல்லாமல் செய்து முடிக்க வேண்டும். மேலே சொன்னது இருப்பவற்றுள் சிறிய வகைகளில் ஒன்று, 'ஸ்பிரின்ட்' என்பார்கள். ஒலிம்பிக் பந்தயத்தில் எல்லாம் இரட்டிப்பு: ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளில் மட்டும் ஏறக்குறைய காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வரை போய்விடலாம்!

"இதெல்லாம் பட்டாளத்துக்காரர்களுக்கும் பயில்வான்களுக்கும்தானே?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல், பிள்ளைகள் வளர்ந்த பிறகு, முதல் தடவையாக இந்தப் பந்தயத்தில் இறங்குகிற பெண்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெண்களுக்கோ இந்த மூன்றில் எதுவும் அந்நியம் அல்ல. அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், பந்தயம் பிறந்த கதையைக் கேளுங்கள். வேடிக்கையான கதை!

வாய்ப் பேச்சில் பிறந்த பந்தயம்

அமெரிக்காவில் ஸான்டியாகோ நகரத்து ஓட்டக்காரர்கள் சிலர், நித்தம் ஓடி ஓடி அலுத்துப் போய், ஒரு மாறுதலுக்காக நீச்சலையும் சைக்கிளையும் சேர்த்து ஒரு போட்டி வைத்தார்கள். 1974-ம் ஆண்டு செப்டம்பர் 25-ம் தேதி மிஷன் விரிகுடாவில் நடந்த அந்தப் போட்டியில் 46 பேர் கலந்து கொண்டார்கள். இன்றைய டிரையத்லானுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதுதான்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு ஹவாய்த் தீவில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. "நீந்துகிறவன் திடகாத்திரசாலியா, ஓடுகிறவனா, சைக்கிள் மிதிக்கிறவனா?" என்று ஆளுக்கு ஒரு கட்சி பேசினார்கள். கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ் என்பவர், "பேசுவானேன்? தீவில் நடக்கிற மூன்று பெரிய போட்டிகளையும் ஒன்றாக முடிந்து ஒரே நாளில் நடத்திவிட்டால் தெரிந்துவிடுகிறது!" என்றார். 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல். 180 கிலோமீட்டர் சைக்கிள், அதாவது காரைக்குடியிலிருந்து பழநிக்குப் போகிற தூரத்துக்கும் கொஞ்சம் மேலே. அதற்குப் பிறகு 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டம். இதை முடிக்கிறவனுக்கு 'இரும்பு மனிதன்' என்று பட்டம்!

1978 பிப்ரவரி 18-ம் தேதி 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கார்டன் ஹாலருக்குப் பிடித்த நேரம் 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி. இரண்டாவதாக வந்தவருக்கோ வழியில் தண்ணீர் தீர்ந்து போய், துணைக்கு வந்தவர்கள் பீரை ஊற்றிக் கொடுத்தார்களாம். முதலிடம் கைநழுவியதில் ஆச்சரியம் என்ன?

அந்த 15 பேரில் ஒரு பெண்கூட இல்லை. மறு வருஷமே அந்தக் குறை தீர்ந்தது. பாஸ்டன் நகரத்துச் சைக்கிள் வீராங்கனை லின் லெமேர் 1979-ல் ஒரே ஒரு பெண்ணாக வந்து நின்றார். 12 மணி 55 நிமிஷம் 38 விநாடியில் முடித்து, ஆண்கள் உட்பட எல்லோரிலும் ஐந்தாவதாக வந்தார்! 'இரும்பு மனிதன்' என்று பெயர் வைத்தவர்கள் இப்படி ஒரு இரும்புப் பெண்மணி வருவாள் என்று கண்டார்களா?

தவழ்ந்து வந்த பெண்

1982 பிப்ரவரியில் இதே ஹவாய்ப் போட்டிக்கு ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி வந்தார். கல்லூரியில் உடற்பயிற்சி சம்பந்தமான ஓர் ஆராய்ச்சிக்காக வந்தாரே தவிர, ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. ஹவாய்ப் பந்தயம் அவருக்கு அதுவே முதல் தடவை. ஆனால் மாரத்தான் ஓட்டத்தின்போது பார்த்தால் பெண்களில் அவர்தான் முன்னால் போய்க் கொண்டிருக்கிறார்!

கோடு கண்ணுக்குத் தெரிகிறது. கால் கேட்கவில்லை. விழுகிறார், எழுந்திருக்கிறார், மறுபடி விழுகிறார். முடிவுக் கோட்டுக்குச் சில கஜ தூரத்தில் கடைசியாக விழுந்தபோது காத்லீன் மெக்கார்ட்னி என்ற பெண் அவரைத் தாண்டிப் போய் முதலிடத்தை வாங்கிவிட்டார். ஜூலி மாஸ் அழுது புலம்பவில்லை. கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டார். இருவருக்கும் வித்தியாசம் 29 விநாடிதான். டெலிவிஷனில் அந்தக் காட்சியைப் பார்த்த எத்தனையோ பேர், "நாமும் ஒரு தடவை முயன்று பார்த்தால் என்ன?" என்று கிளம்பினார்கள். ஜெயித்தவரைவிடத் தோற்றவருக்கே பெயர் அதிகம் நிலைத்தது.

இன்று சர்வதேசச் சம்மேளனத்தின் விதிகளில் ஒரு வாசகம் உண்டு: ஓடலாம், நடக்கலாம், ஆனால் தவழக் கூடாது. நல்ல விதிதான். 'நடக்கலாம்' என்று அதில் சொல்லியிருப்பதை மட்டும் மனசில் முடிந்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் உபயோகப்படும்.

2000-ம் ஆண்டு சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது பெண்கள் பந்தயமே முதலில் நடந்தது. தங்கம் வென்றவர் ஸ்விட்ஸர்லாந்தின் பிரிகிட் மெக்மஹன்.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கன்னியாஸ்திரீயின் கதையைச் சொல்லலாம். மடோனா பூடர் என்று பெயர், 1930-ல் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில் ஒரு பாதிரியாரின் யோசனையைக் கேட்டு ஓடத் தொடங்கினார். முதல் டிரையத்லானில் இறங்கியபோது வயது 52. அந்த 180 கிலோமீட்டர் சைக்கிள் உள்ள பெரும் பந்தயத்தை 2012-ல் கானடாவில் அவர் முடித்தபோது வயது 82!

நமக்குப் புதிதா?

சீமைக் கதை போதும்; நம் ஊருக்கு வருவோம்.

நீச்சல். நம் பக்கத்தில் ஊருணி குடிதண்ணீருக்கு. அதில் இறங்கிக் குளிக்க விடமாட்டார்கள். ஆனால் தோட்டத்துக் கிணறும் கண்மாயும் இருந்தன. முதுகிலோ இடுப்பிலோ காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, "போ!" என்று தள்ளிவிட்டால் நாலு நாளில் குழந்தை மீனாகிவிடும். உங்கள் வீட்டு அப்பத்தாவைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயசில் கிணற்று மேட்டிலிருந்து குதித்த கதையைச் சொல்லும்போது கிழவியின் கண் மின்னும். "அப்புறம் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டால், "பெரியவளானதும் வேண்டாம்னுட்டாக" என்று ஒரே வாக்கியத்தில் கதை முடிந்துவிடும்.

சைக்கிள். அடுத்த மாவட்டமான புதுக்கோட்டையில் நடந்ததை உலகமே பேசியது. 1991-லும் 1992-லும் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெரும் தூண்டுதலாக இருந்தார். வயலிலும் கல்குவாரியிலும் கூலி வேலை செய்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்கள் மணியடித்துக் கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் கிடைக்காமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கிற குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவும் சௌகரியமே என்று சிலர் சொன்னதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்காகக் காத்திருப்பதும், சந்தைக்குப் போக அப்பாவையோ அண்ணனையோ கெஞ்சுவதும் குறைந்தன என்பதுதான் இதில் பெரிய லாபம்.

இனி மூன்றாவது, காலால் தூரம் கடப்பது. இதைப் பற்றிச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு வேறு ஊரார் பாடம் சொல்ல வேண்டுமா? தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழநிக்குப் புறப்படுவது நூற்றாண்டுகளாக வருகிற வழக்கம். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று பல நாள் நடை. அதிலும் வெறுங்கால் நடை. காவடியோடு கூட நடக்கிற கூட்டத்தில் பல ஊர், பல சமூகத்துப் பெண்களும் இருக்கிறார்கள். ஐம்பது வயது, அறுபது வயதுப் பெண்கள், கொப்புளத்துக்கு மருந்து போட்டுக் கொண்டு, மறுநாள் விடியற்காலையில் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறார்கள். இவர்களுக்கு 5 கிலோமீட்டர் எம்மாத்திரம்?

ஆகவே, மூன்று வித்தையும் நம்மிடம் இருந்தவைதான். வயதுக்கு வந்ததும் நீச்சல் போயிற்று. கல்யாணம் ஆனதும் சைக்கிள் போயிற்று. கோயிலுக்கென்று நேர்ந்து கொண்டால் ஒழிய, நடையும் போயிற்று. யாரும் பறித்துக் கொண்டதாகச் சொல்ல முடியாது. "இனிமேல் எதற்கு?" என்று ஒவ்வொன்றாக வைத்துவிட்டோம். டிரையத்லான் என்ற இந்தப் பந்தயத்தின் விசேஷம், வைத்துவிட்ட மூன்றையும் திரும்ப எடுத்துக் கொள்ள ஒரு தேதியைக் குறித்துக் கொடுக்கிறது என்பதே.

வீட்டில் என்ன சொல்வார்கள்?

காரைக்குடியில் ஒரு வீடு என்று கற்பனை செய்து கொள்ளுங்கள். மருமகளுக்கு வயது 38. ஒரு மாலை, முகப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டே மாமியாரிடம் மெதுவாகப் பேச்சை எடுக்கிறாள்.

"அத்தை, நான் ஒரு போட்டிக்குப் பேர் கொடுக்கலாம்னு பார்க்கிறேன்."

"கோலப் போட்டியா?"

"இல்லை அத்தை. நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடணும்."

"எது, மூணையுமா? ஏம்மா, ஓடுற வயசா உனக்கு?"

"நீங்க அறுபது வயசிலே பழநிக்கு நடந்தீங்களே?"

"அது சாமி காரியம்."

"இது உடம்புக் காரியம் அத்தை. போன மாசம் டாக்டர் என்ன சொன்னார்? சர்க்கரை எல்லையிலே நிக்குது, நடக்கணும்னார்."

"நடக்கத்தானே சொன்னார்? தண்ணியிலே குதிக்கவா சொன்னார்?"

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைசியில் அவர் கேட்கிற கேள்விதான் உண்மையான கேள்வி:

"காலையிலே நீ போயிட்டா இட்லி யார் ஊத்துறது?"

சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் பெண்கள் பந்தயத்தில் இறங்குவதைத் தடுப்பது கடலும் அல்ல, கால்வலியும் அல்ல. காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை உள்ள அந்த இரண்டு மணி நேரம்தான். இதற்கு ரகசிய மருந்து எதுவும் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் தலா ஒரு மணி நேரம் தேவைப்படும் என்று வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் அடுப்பைக் கணவர் பார்த்துக் கொள்வதா, பிள்ளைகள் தங்கள் டிபன் டப்பாவைத் தாங்களே கட்டிக் கொள்வதா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். யாருக்கும் தெரியாமல், எல்லா வேலையையும் முடித்துவிட்டு, தூக்கத்தைக் குறைத்துக் கொண்டு பழகுகிற பெண் மூன்றாம் வாரமே விட்டுவிடுவாள்.

இறங்குவதற்கு முன்

முதலில் டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம், முழங்கால் எல்லாவற்றையும் சோதித்துக் கொள்ளுங்கள். முக்கியமாக ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தத்தில் இரும்பு இல்லாமல் இரும்புப் பெண்மணி ஆக முடியாது!

நீச்சல் தெரிந்தவர்களுக்கு மூன்று, நான்கு மாதப் பயிற்சி போதும். தெரியாதவர்கள் ஆறு மாதம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

தண்ணீருக்குப் பயப்படாமல் இருக்க

முதல் தடவை கலந்து கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கலக்கம் தண்ணீரில்தான். பெரியவர்களான பிறகு நீச்சல் கற்கும்போது கையையும் காலையும் அடிக்கக் கற்பதற்கு முன் மூச்சைக் கற்க வேண்டும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே இழுக்க வேண்டும். வெளியே விடாமலே மேலும் மேலும் இழுப்பதால்தான் நெஞ்சு முட்டி, மூழ்கிவிடுவோமோ என்ற பயம் வருகிறது. அடுத்த பாடம் மிதப்பது. மல்லாந்து படுத்து, காதைத் தண்ணீருக்குள் விட்டு, நெஞ்சு நிறைய மூச்சை வைத்துக் கொண்டால் உடம்பு தானாக மேலே நிற்கும். அப்பத்தா காலத்துச் சுரைக்குடுக்கை வெளியே செய்த வேலையை நம் நுரையீரல் உள்ளே செய்கிறது.

25 மீட்டர் நீச்சல் குளத்தில் 30 தடவை கடந்தால் 750 மீட்டர். முதல் நாள் ஒரு தடவை போவதே மலையாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சேர்த்துக் கொண்டே போக வேண்டும். உடை விஷயத்தில் தயக்கம் வேண்டாம். கை, கால் முழுவதும் மூடுகிற நீச்சல் உடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. புடவையிலோ தளர்ந்த சுடிதாரிலோ நீந்துவதுதான் ஆபத்து. நனைந்த துணி காலைச் சுற்றிக் கீழே இழுக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கண்மாயிலோ குளத்திலோ கிணற்றிலோ ஒருபோதும் தனியாக இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளமும் சேறும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. மழைக்குப் பிறகு நேற்றைய ஆழம் இன்று இருக்காது. பயிற்சியாளர் இருக்கிற நீச்சல் குளத்தில் பழகுங்கள். பந்தயத்திலும், முதல் தடவை நீச்சல் குளத்தில் நடக்கும் போட்டியாகப் பார்த்துப் பேர் கொடுங்கள். கடலும் ஏரியும் அடுத்த வருஷம் ஓடியா போய்விடும்?

இன்னொரு தைரியம்: பந்தயத்தில் களைத்துப் போனால் மல்லாந்து படுத்து இளைப்பாறலாம். திறந்த நீரில் நடக்கிற போட்டிகளில் காவல் படகைப் பிடித்துக் கொண்டு மூச்சு வாங்கலாம். படகு உங்களை முன்னால் இழுத்துக் கொண்டு போகாத வரையில் அது குற்றமாகாது. கையை உயர்த்தி அசைத்தால் உதவிக்கு வருவார்கள். உதவி கேட்டுக் கரை ஏறினால் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் ஆரதி சாஹாவையே எடுத்துக் கொள்ளுங்கள். 1959 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயில் இறங்கி, 14 மணி நேரத்துக்கு மேல் நீந்தியும் கரை சேர முடியவில்லை. வங்காளத்துப் பெண் ஊர் திரும்பிவிடவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 29-ம் தேதி மறுபடி இறங்கி, 16 மணி 20 நிமிஷத்தில் கடந்து, ஆசியாவிலேயே அந்தக் கால்வாயைக் கடந்த முதல் பெண் ஆனார். அப்போது அவருக்கு வயது 19.

சைக்கிளில் சில சூட்சுமங்கள்

முதல் பந்தயத்துக்கு லட்ச ரூபாய்ச் சைக்கிள் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடக்கக்காரர்களுக்கான பல போட்டிகளில், இரண்டு பிரேக்கும் ஒழுங்காக இருக்கிற எந்தச் சைக்கிளும் போதும். உட்காரும் உயரம்தான் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டைத் தாழ வைத்து மிதிப்பதால்தான் முழங்கால் வலிக்கிறது. துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சிக்கிக் கொள்ளும். பேண்ட், சட்டை போன்ற உடம்போடு ஒட்டிய உடைதான் நல்லது.

தலைக்கவசம் கட்டாயம். பந்தய விதி என்ன தெரியுமா? தலைக்கவசத்தை மாட்டி, நாடியின் கீழே கொக்கியைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடவே வேண்டும். முதல் தடவை வருகிறவர்கள் அவசரத்தில் கோட்டை விடுவது இங்கேதான்.

பயிற்சிக்குக் குன்றக்குடிச் சாலையோ தேவகோட்டைச் சாலையோ, வெயில் ஏறுவதற்கு முன் நாலு பேராகப் போங்கள். தெருநாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக் கொண்டு நில்லுங்கள். பெரும்பாலும் அது சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும்.

பஞ்சுக் கால்கள்

சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடிப் பார்த்தால், கால்கள் உங்களுடையவை அல்ல என்று தோன்றும். இவ்வளவு நேரம் வட்டமாகச் சுற்றிய தசைகள் திடீரென்று உடம்பைத் தாங்கித் தரையில் அடிக்க வேண்டியிருப்பதால் வருகிற தடுமாற்றம் அது. சிறு சிறு அடியாக எடுத்து வைத்தால் சில நிமிஷத்தில் சரியாகிவிடும். வாரத்துக்கு ஒரு நாள், சைக்கிளை விட்டு இறங்கிய உடனே பத்து நிமிஷம் ஓடிப் பழகினால் பந்தயத்தன்று திகைக்க மாட்டீர்கள்.

ஓட்டமே பழக்கம் இல்லாதவர்கள் இரண்டு நிமிஷம் ஓடி, ஒரு நிமிஷம் நடந்து பழகுங்கள். 'நடக்கலாம்' என்ற விதியை மனசில் முடிந்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஓட்டத்தாலும் நடையாலும் இன்னொரு நன்மை உண்டு. உடம்பின் பாரம் எலும்பின்மேல் இறங்குகிற பயிற்சி எலும்பு தேய்வதைக் குறைக்கும். நீச்சலிலும் சைக்கிளிலும் அந்தப் பலன் குறைவு.

நம் வறண்ட பூமியில் ஓட்டம் வராது என்று சொல்கிறவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்து எல். சூர்யா பதில் சொல்லியிருக்கிறார். 2016-ல் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டு ஓட்டத்திலும் தங்கம் வாங்கியவர் அவர்.

அந்த நாள்

பந்தயத்துக்கு முதல் நாள் புதிய பண்டம் எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். பலகாரத்துக்குப் பேர் போன ஊர்தான். கந்தரப்பமும் சீடையும் பந்தயம் முடிந்த பிறகு காத்திருக்கட்டும். காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். வெயிலில் வியர்வையோடு உப்பும் போவதால், வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்காமல் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மாதவிலக்கு நாளில் பந்தயம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்கத் தயங்குகிறார்கள். உடம்பு ஒத்துக் கொண்டால் தாராளமாகக் கலந்து கொள்ளலாம். ஆனால் புதிதாக எதையும் அன்று பழகாமல், பயிற்சி நாட்களிலேயே பார்த்து வைத்துக் கொள்ள வேண்டும்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடத்தில் ஒரு சிறு துண்டை விரித்து, முதலில் வேண்டியதை முன்னாலும் பிறகு வேண்டியதைப் பின்னாலுமாக அடுக்கி வையுங்கள். அவசரக் காலைச் சமையலில் அஞ்சறைப் பெட்டியைக் கண்ணை மூடிக் கொண்டு கையாள்கிற பெண்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை! நெஞ்சு வலியோ, தலைசுற்றலோ, குளிர் நடுக்கமோ வந்தால் மட்டும் அந்த நிமிஷமே நிறுத்திவிடுங்கள். பந்தயம் அடுத்த வருஷமும் வரும்.

சென்னை, கோயமுத்தூர் போன்ற நகரங்களில் இத்தகைய போட்டிகள் நடந்திருக்கின்றன. கோவாவில் 2019 அக்டோபரில் முதல் தடவையாகப் பெரிய சர்வதேசப் போட்டி நடந்தது. 90 கிலோமீட்டர் சைக்கிள் அதில். அவ்வளவு தூரம் உடனே நினைக்க வேண்டாம். சிறியதாகத் தொடங்குங்கள். முடிக்க வேண்டிய நேர வரம்புக்குள் கடைசி ஆளாக வந்தாலும், கோட்டைத் தாண்டியவர் தாண்டியவர்தான்.

இன்னும் ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கிற நம் பெண் குழந்தைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறார்கள். இரண்டு வருஷம் அதில் ஏறிப் பறக்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் எத்தனை வீடுகளில் அது தம்பிக்குப் போகிறது, அல்லது விலைக்குப் போகிறது! உங்கள் வீட்டில் அப்படி ஒரு சைக்கிள் இருந்தால், காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டு வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மகளும் தாயும் முறை வைத்து ஆளுக்கு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பந்தயத்துக்குப் பேர் கொடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசித்துக் கொள்ளலாம்.